மாடத்திலிருந்து இறங்கிய பாட்டு

ஹவுரா பாலத்தை நடந்தே கடந்து கல்கத்தா கரையில் இறங்கினால், பிராபோர்ன் சாலையும் கேனிங் தெருவும் கூடும் முனைக்குக் கால்மணி நேரத்தில் வந்துவிடலாம். இப்போது ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ ஓடுகிறது. 2024 மார்ச்சில் தொடங்கிய அந்த வண்டி ஹவுராவிலிருந்து மறுகரைக்குச் சில நிமிடங்களில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனாலும் நான் பாலத்தின் மேலேயே நடந்தேன். மூட்டை சுமப்பவர்கள் தோளை இடித்துக்கொண்டு விரைகிறார்கள். பூச்சந்தையிலிருந்து வரும் செண்டுப்பூ மாலைகள் கட்டுக்கட்டாகத் தலைமேல் போகின்றன. 1943 பிப்ரவரியில் இந்தப் பாலம் திறந்தபோது, நான் தேடிப்போகிற கட்டடத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் பாட்டு நிறைந்திருந்தது. பாலத்தில் அன்றிலிருந்து கூட்டம் ஏறிக்கொண்டே வந்தது. அந்தக் கட்டடத்தில் இறங்கிக்கொண்டே வந்தது.

கேனிங் தெருவுக்குப் பலகையில் இன்று ராஷ் பிஹாரி போஸின் பெயர் இருந்தாலும், மக்கள் வாயில் பழைய பெயர்தான் நிற்கிறது. பிளாஸ்டிக் டப்பா, குடை, பள்ளிக்கூடப் பை, பொம்மை, ஜரிகைத் தோரணம் என்று நடைபாதை முழுக்கக் கடைகள். அவற்றுக்கு நடுவே யூத ஜெப ஆலயத்தின் வாசலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தலையை நிமிர்த்தினால் சிவப்புச் செங்கல் கோபுரமும் அதில் கடிகாரமும் தெரியும். முதன்முறை பார்ப்பவர்கள் மாதா கோயில் என்றே நினைப்பார்கள். பெயர் மாகேன் டேவிட். எலியாஸ் டேவிட் ஜோசப் எஸ்ரா தம் தகப்பனார் நினைவாக 1884-ல் கட்டியது.

பெயரேட்டில் எழுதிவிட்டு, தலையை மூடிக்கொண்டு உள்ளே போனேன். கறுப்பும் வெள்ளையுமாகச் சலவைக்கல் தரை. வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். முன்சுவரில், யூத மறைநூலான தோராவின் சுருள்களை வைக்கும் இடத்துக்கு மேலே நீல அரைக்குவிமாடம். அதில் பொன் நட்சத்திரங்கள். கூடத்தின் நடுவில் உயர்ந்த மரமேடை. மூன்று பக்கமும் மேல்மாடம். அந்த மேடையில் நின்றுதான் ஹஸ்ஸான் பாடுவார், கீழே ஆண்கள் அமர்ந்திருப்பார்கள், மாடத்தில் பெண்கள்.

ஹஸ்ஸான் என்ற சொல்லுக்குத் தமிழில் சரியான இணை தேடி அலைய வேண்டியதில்லை. நம் சிவன் கோயில் ஓதுவார்தான். பூசை செய்பவர் வேறு, மறைநூலுக்குப் பொருள் சொல்பவர் வேறு. இவர் வேலை, எழுதப்பட்ட வழிபாட்டைக் குரலில் ஏற்றி, கூடியிருப்பவர்களை அதற்குள் அழைத்துப் போவது. ஓதுவாருக்குப் பண் உண்டு. பாக்தாத் வழிவந்த ஹஸ்ஸானுக்கு அரபு மக்காம் உண்டு. இருவருக்குமே பாடம் குருவின் வாயிலிருந்து காதுக்கு வந்தது.

கல்கத்தாவில் குடியேறிய முதல் யூதர் என்று சொல்லப்படுபவர் அலெப்போ நகரத்து ஷாலோம் கோஹென். சூரத்தில் சில ஆண்டுகள் வணிகம் செய்துவிட்டு 1798-ல் இங்கே வந்து சேர்ந்தார். ரத்தின வியாபாரி; லக்னோ நவாபின் அரசவைவரை அவர் கல் போனது. அவருக்குப் பின் பாக்தாதிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அபினி, அவுரி, பட்டு, சணல், பிறகு நிலமும் கட்டடமும் என்று அவர்கள் செல்வம் நகரத்தோடு சேர்ந்து வளர்ந்தது. எஸ்ரா தெரு இன்றும் எஸ்ரா தெருதான். ஜெப ஆலயங்களில் நெவே ஷாலோம் 1820-களின் காலத்தது; பெத் எல் 1856; மாகேன் டேவிட் 1884. எல்லாமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போகும் தூரத்தில். வெள்ளி மாலை தொடங்கும் யூத ஓய்வுநாளில் வண்டி ஏறக்கூடாது என்பதால் வீடுகளும் அப்படியே அடுத்தடுத்து அமைந்தன.

பாட்டை அவர்கள் காத்த விதத்தில்தான் என் மனம் நிற்கிறது. 1840-களிலேயே இந்த நகரத்தில் எபிரேய எழுத்தில் அச்சகம் இருந்தது. 1870-களிலிருந்து நூற்றாண்டு முடிவுவரை எபிரேய எழுத்தில் அரபு மொழி பேசும் வாரப் பத்திரிகைகள் வந்தன. வழிபாட்டு நூல்களும் துதிப்பாடல்களும் இங்கேயே அச்சாகி, கப்பலேறிக் கீழை நாட்டுத் துறைமுகங்களுக்குப் போயின. ஆனால் அச்சில் ஏறியது சொல் மட்டும்தான். மெட்டுக்கு ஏடு கிடையாது. வெள்ளி இரவு உணவு மேசையில் தாத்தா எடுக்க, பேரன் தொடர, அடுப்படியிலிருந்து பாட்டி சேர, மெட்டு அப்படித்தான் அடுத்த தொண்டைக்குப் போனது. அது போதுமானதாகவும் இருந்தது. வாரம் தவறாமல் பாடுகிற பாட்டை யாரும் எழுதிவைப்பதில்லை.

அதே நகரத்தில்தான், 1902 நவம்பரில், பிரெட் கைஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் லண்டனிலிருந்து கருவிகளோடு வந்து கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிவு செய்தார். இந்திய இசைத்தட்டின் கதை அங்கே தொடங்குகிறது. 1908-ல் சியால்தாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலையே வந்துவிட்டது. ஆக, நகரத்தில் ஒலிப்பதிவும் இருந்தது, பாட்டும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு விதி நின்றது. ஓய்வுநாளில் இயந்திரத்தை இயக்கக்கூடாது, வாத்தியம்கூட வாசிக்கக்கூடாது. ஹஸ்ஸானின் குரல் எந்த நாளில் முழு வீச்சில் எழுமோ, சரியாக அந்த நாளில் இயந்திரம் உள்ளே வர முடியாது. ஆகவே தட்டில் பிடிக்கப்பட்டதெல்லாம் வாரநாளின் பாட்டு. 1930-களில் பம்பாயில் யூதப் பாடகர்கள் சிலர் 78 சுழற்சித் தட்டுகளில் பாடினார்கள். அவற்றைத் தேடிச் சேர்த்து 2009-ல் 'ஷிர் ஹோடு' என்ற பெயரில் குறுந்தகடாக வெளியிட்டார்கள். கீறலும் இரைச்சலும் நடுவே கேட்கும் குரல்கள் அவை. ஆனால் கூட்டம் எழுந்து நின்று சேர்ந்து சொல்லும் 'ஆமென்' அந்தத் தட்டுகளுக்குள் வரக் கூடிய பொருளன்று.

இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து ஓடிவந்தவர்களையும் சேர்த்துக் கல்கத்தா யூதர்கள் ஏறத்தாழ 5,000 பேர். இன்று இருபதுக்கும் குறைவு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் யாரும் அவர்களை விரட்டவில்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் யூதர் என்பதற்காக அவர்கள் துன்புறுத்தப்படவில்லை. 1946-ன் கலவரத்தில் நகரம் எரிந்ததைக் கண்டார்கள். 1947-ல் வெள்ளையர் போனார்கள். அந்த வணிக உலகத்தோடு பின்னிய தங்கள் வாழ்வு என்னாகுமோ என்று அஞ்சினார்கள். 1948-ல் இஸ்ரேல் பிறந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. மூத்த மகன் லண்டன் போனான். மகள் சிட்னியில் வாழ்க்கைப்பட்டாள். பெற்றோர் பின்னால் போனார்கள். மேசையைச் சுற்றி ஒவ்வொரு நாற்காலியாகக் காலியானது.

எஸெகியேல் முஸ்லியா என்ற கல்கத்தாக்காரர் நியூயார்க்கில் படித்து 1952-ல் ரபி என்ற யூத மதகுருவானார். ஊர் திரும்பி மாகேன் டேவிட் ஆலயத்தில் பணி செய்தார். பன்னிரண்டு ஆண்டுகள். வாராவாரம் ஆள் குறைவதைப் பார்த்துக்கொண்டே வழிபாடு நடத்துவது எப்படிப்பட்ட பணி என்று அந்த மேடையின் பக்கத்தில் நின்று யோசித்தேன். 1964-ல் அவர் குடும்பமும் பிலடெல்பியாவுக்குப் புறப்பட்டது. 1975-ல் அவர் எழுதிய கல்கத்தா யூதர் வரலாற்றுக்கு வைத்த தலைப்பில் கங்கைக் கரை வருகிறது. போன இடத்திலிருந்தும் ஆற்றின் பெயரைச் சொல்லித்தான் கதையைத் தொடங்கியிருக்கிறார்.

அந்தக் குடும்பம் புறப்பட்டபோது மகள் ராஹேலுக்கு வயது 6. பாக்தாத் வேர்கொண்ட கல்கத்தாக் குடும்பத்தின் ஏழாம் தலைமுறை. பின்னாளில் பத்திரிகையாளர், நூலாசிரியர். ராஹேல் முஸ்லியா ஹஸ்ஸான் அல்லர். அவர் வளர்ந்த மரபில் பெண் ஹஸ்ஸானாக முடியாது. ஆனால் இந்த ஆலயத்தின் பாட்டை உலகம் கேட்கும்படி செய்தவர் அவர். 1991-ல் 'கல்கத்தா யூதர்களின் பாடல்கள்' என்ற தொகுப்பை அவர் வெளியிட்டார். நூறாண்டுக்கு மேலாகத் தொண்டையில் மட்டும் இருந்த மெட்டுகள் அதில் தாளில் இறங்கின. பிறகு ஒரு குறுந்தகடு: 'ஹோடு', பாக்தாதிலிருந்து இந்தியாவரை வந்த யூதத் தாளங்கள் என்ற துணைத்தலைப்போடு.

அந்தத் தலைப்பில் கொஞ்சம் நிற்க வேண்டும். எபிரேயத்தில் 'ஹோடு' என்றால் இந்தியா. எஸ்தர் நூலின் முதல் வரியிலேயே அந்தப் பெயர் வருகிறது. அதே ஒலிக்கு இன்னொரு பொருள், நன்றி சொல்லுங்கள் என்பது. 136-ம் சங்கீதம் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. தமிழ் பைபிளில் அந்தப் பாடல் நூலுக்குச் 'சங்கீதம்' என்று பெயர் வைத்த முன்னோரை நான் எப்போதும் வணங்குவேன். அது படிப்பதற்கு மட்டுமான நூலன்று, பாடுவதற்கானது என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள். இந்தியாவை விட்டுப் போன குடும்பத்துப் பெண்ணால், தன் பாட்டுத் தட்டுக்கு இந்தியா என்றும் நன்றி என்றும் ஒரே சொல்லில் பெயர் வைக்க முடிந்தது. மொழி தந்த வரம் அது.

மறுபடி அண்ணாந்து மாடத்தைப் பார்த்தேன். அன்று அங்கே அமர்ந்திருந்த பெண்களுக்கு வழிபாட்டு மொழி முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் மெட்டு தெரியும். கல்யாண வீட்டிலும் மருதாணி இரவிலும் தொட்டிலருகிலும் பாடியவர்கள் அவர்கள். கீழே மேடையில் அவர்கள் குரலுக்கு இடமில்லை. இன்று கல்கத்தா மரபின் பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் ஒரு பெண்ணின் குரலில்தான் பெரும்பாலும் கேட்கிறோம். மாடம் இறங்கி வந்திருக்கிறது. கூடம் நிறைந்திருந்த காலத்தில் இது நடந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

கடல் கடந்து வேறொரு மாற்றமும் நடந்தது. அமெரிக்காவில் டெபி ஃப்ரீட்மன் என்ற இளம்பெண் 1972-ல் கிடாரோடு தன் முதல் வழிபாட்டுப் பாடல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். இருபது வயதைத் தாண்டியவுடன் செய்த வேலை. அதற்கு முந்தைய தலைமுறையில் ஹஸ்ஸான் என்றால் யோசலே ரோசன்ப்ளாட் போன்ற பெருங்குரல். அவர் பாட, கூட்டம் கேட்கும். ஃப்ரீட்மனின் பாட்டைக் கூட்டமே பாடலாம். குழந்தைகூட இரண்டாம் முறை சேர்ந்துகொள்ளும். 1975-ல் பார்பரா ஆஸ்ட்ஃபெல்ட் சீர்திருத்த யூத மரபில் முதல் பெண் ஹஸ்ஸானாகத் தீட்சை பெற்றார். 1999-ல் சியோலில் பிறந்த ஏஞ்சலா புக்டால் அந்தப் பொறுப்புக்கு வந்தார். ஆசிய அமெரிக்கர்களில் அவரே முதல் ஹஸ்ஸான். இன்று அந்த நாட்டில் ஒரு ஹஸ்ஸான் தம் முதல் ஆல்பத்தை வெளியிடுவது, நம் ஊரில் இளம் பாடகி ஒருவர் முதல் கச்சேரி செய்வதுபோல இயல்பாகிவிட்டது. பழைய சொல், புது மெட்டு, கிடார், தாளக்கருவி, பின்குரல்கள். கச்சேரி மேடையிலும் காதுக்கருவியிலும் அது வாழ்கிறது. வைதீக ஆலயங்களில் ஓய்வுநாளன்று வாத்தியமும் பெண் குரல் தலைமையும் இன்றும் இல்லை.

இந்தப் புதிய ஆல்பங்களைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பக்தி இசை எந்தக் காலத்திலும் அந்தந்தக் காலத்துக் குரலில்தான் இருந்திருக்கிறது. ஆனால் நியூயார்க்கில் ஒருவர் வெளியிடும் முதல் ஆல்பத்துக்குப் பின்னால் அடுத்த வாரமும் வந்து அமரும் சபை இருக்கிறது. அங்கே பாட்டு சபையிலிருந்து புறப்பட்டுத் தட்டுக்குப் போய், மறுபடி சபைக்குத் திரும்புகிறது. கல்கத்தாவில் பாட்டு தட்டுக்குப் போனபோது சபை போய்விட்டிருந்தது.

வைதீக யூத வழிபாட்டில் பொதுவில் தோரா வாசிக்கவும் சில முக்கியமான துதிகளைச் சொல்லவும் வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். பத்து என்பது 5,000 பேர் இருந்த ஊரில் யாரும் எண்ணிப் பார்க்காத எண். இப்போது வெளிநாட்டுப் பயணிகள் குழுவாக வந்தால் ஒழிய அந்த எண் நிறைவதில்லை. வாராந்திர வழிபாடு நின்று நெடுங்காலமாயிற்று. ஆனால் கட்டடமோ அன்றைவிட இன்று நன்றாக இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள மாகேன் டேவிட்டும் பெத் எல்லும் புதுப்பிக்கப்பட்டு 2017 டிசம்பரில் மீண்டும் திறந்தன. மரம் மெருகேறியிருக்கிறது, சுவரில் ஈரக்கசிவு இல்லை, விளக்குகள் துடைக்கப்பட்டிருக்கின்றன. பெஞ்சில் உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்தேன். புது வார்னிஷ். நூறாண்டு அமர்ந்தெழுந்தவர்களின் தேய்மானம் அதற்கு அடியில் எங்கேயோ இருக்கும்.

ஊர் நினைவு வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும் உடன் முழக்க இருவரையும் ராஜராஜன் நியமித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இன்று பெரிய கோயில்களிலும் ஓதுவார் ஒருவர் இருந்தால் அதுவே பெரிது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் விடியற்காலை கேட்டது தருமபுரம் சுவாமிநாதனின் குரல், ஒலிபெருக்கி வழியாக. கேசட் சுற்றிச் சுற்றி நைந்துபோய் ஓரிடத்தில் குரல் இழுபடும். அந்த இழுபடலும் பதிகத்தின் பகுதி என்றே பல நாள் நினைத்திருந்தேன். அந்த ஒலிநாடாக்கள் இல்லாதிருந்தால் என் போன்றவர்களுக்குப் பண் என்ற ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. அதே சமயம், பட்டனை அழுத்தினால் தேவாரம் வரும் என்றானபின் ஓதுவாரை யாரும் தேடவில்லை. 2021 ஆகஸ்டில் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் இளம்பெண் ஒருவர் ஓதுவாராக நியமிக்கப்பட்டார் என்ற செய்தியைப் படித்தபோது கண் கலங்கியது. பதிவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சன்னதியில் எதிரே ஒருவர் நின்று மூச்செடுத்துப் பாடுவதற்கு அது ஈடாகாது என்று எனக்குத் தோன்றுகிறது. கொச்சி யூதப் பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துப் பாடிய மலையாளப் பாட்டுகள் 2004-ல் ஜெருசலேமில் குறுந்தகடாயின. அங்கேயும் கல்கத்தாவின் கதைதான். பாடியவர்கள் கேரளத்தை விட்டுப் போய் அரை நூற்றாண்டு ஆனபின்.

கல்கத்தாவின் ஜெப ஆலயங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பவர்கள் ஒடிசாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள். தகப்பன் பார்த்த வேலையை மகன் பார்க்கிறான். 1881-ல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளியில் இன்று யூத மாணவி ஒருவரும் இல்லை. பெரும்பாலோர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். அன்று எந்தக் குடும்பங்களுக்காகக் கட்டினார்களோ அவர்கள் போனபின், அந்த இடங்களை உயிரோடு வைத்திருப்பவர்கள் இவர்கள். நாள்தோறும் பெருக்கி, தூசி தட்டி, வாசலைத் திறந்து, நேரத்துக்குப் பூட்டுகிறார்கள்.

நான் போனது வாரநாள். காதில் மாட்டும் கருவி பையில் இருந்தது. பாட்டுகளும் கைபேசியில் இருந்தன. உள்ளே போட்டுக் கேட்க மனம் வரவில்லை. வெளியே வந்து, டப்பாக் கடைக்கும் பொம்மைக் கடைக்கும் நடுவே அரையடி இடத்தில் நின்றுகொண்டு மாட்டினேன். பஸ்ஸின் ஹாரனும் கூவி விற்பவர் குரலும் மேலே மேலே விழுந்தன. நடுவில் அந்தப் பெண் குரல். பாக்தாத் வளைவு இருந்தது. எங்கேயோ பழகிய ஒரு திருப்பமும் இருந்தது. பாட்டு ஓரிடத்தில் சற்றே நிற்கிறது. சபை பதில் சொல்லும் இடம் அது. ஒரு மூச்சளவு நின்றுவிட்டு, குரல் தானே அடுத்த அடியை எடுத்துக்கொண்டு போகிறது.

திரும்ப ஓட்டி, அந்த ஒரு மூச்சை மட்டும் இன்னொரு முறை கேட்டேன். பின்னால் வாசற்கதவைச் சாத்தும் ஓசை கேட்டது. பாலத்தை நோக்கி நடந்தேன்.